பிள்ளைக்கு மழை லீவு, நமக்கு ஆபீஸ்: மும்பைக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் மழை லீவு என்றால் பெரிய கவலை கிடையாது. கலெக்டர் அறிவிப்பார், டிவியில் ஓடும், பிள்ளை மறுபடி போர்வைக்குள் போய்விடும். வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ யாராவது இருப்பார்கள். மும்பைக்கு மாற்றலாகி வந்து, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் கதையே வேறு. பள்ளிக்கு லீவு என்ற செய்தி விடியற்காலையில் வரும். லோக்கல் ரயில் ஓடிக்கொண்டிருக்கும், ஆபீஸ் திறந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியாக வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த நாளிலும் இது நடக்கலாம். நாங்கள் செம்பூரில் குடியிருந்து, திண்டாடித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலான வேலை மே மாதத்திலேயே செய்யவேண்டியது. மழை கொட்டத் தொடங்கிய பிறகு கேட்டால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

1. லீவை அறிவிப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மும்பை நகரத்திலும் புறநகரிலும், அதாவது கொலாபாவிலிருந்து மேற்கே தகிசர் வரை, கிழக்கே முலுண்டு வரை, அறிவிப்பு மும்பை மாநகராட்சியான பிஎம்சியிடமிருந்து வரும். முலுண்டைத் தாண்டினால் தானே நகரம், அதற்குத் தனி மாநகராட்சி. ஐரோலி, வாஷி, நெருல் எல்லாம் நவி மும்பை மாநகராட்சி. பன்வேல் ராய்கட் மாவட்டம். வசை, விரார் பால்கர் மாவட்டம். அங்கெல்லாம் அந்தந்த மாநகராட்சியோ மாவட்ட ஆட்சியரோ தனியாக முடிவெடுப்பார்கள். ஒரு பக்கம் லீவு, பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளி உண்டு என்பது இங்கே சகஜம்.

ஐரோலியில் வீடு, முலுண்டில் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி எந்த எல்லையில் இருக்கிறதோ அந்த அறிவிப்புதான் உங்கள் பிள்ளைக்குச் செல்லும். ஆனால் வீட்டருகே இருக்கும் டே-கேர் நவி மும்பை அறிவிப்பைப் பார்த்து மூடும். இரண்டையும் பார்க்கவேண்டும்.

அடுத்தது ஷிஃப்ட். மும்பையில் பல பள்ளிகள் காலை, மதியம் என்று இரண்டு வேளையாக நடக்கின்றன. லீவும் அப்படியே பாதி பாதியாக வரும். 2024 ஜூலை 8 அன்று விடியற்காலைக்குள் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. முதலில் காலை வேளைக்கு மட்டும்தான் லீவு விட்டார்கள், மதிய வேளைக்கான அறிவிப்பு பிறகு வந்தது. 2025 ஆகஸ்ட் 18 அன்று நேர்மாறு. காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள், மதிய வேளைக்கு மட்டும் லீவு. மறுநாள் எல்லாப் பள்ளிகளுக்கும் லீவு. ஆகவே “லீவாம்” என்று காதில் விழுந்தால், எந்த வேளைக்கு என்று கேளுங்கள்.

வாட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீர்கள். போன வருடத்துச் சுற்றறிக்கை ஒவ்வொரு மழைக்கும் மறுபடி சுற்றும். கையெழுத்து, முத்திரை எல்லாம் உண்மையானதாகத்தான் இருக்கும், தேதிதான் பழையது. முதலில் தேதியைப் பாருங்கள். அப்புறம் பிஎம்சியின் எக்ஸ் (பழைய ட்விட்டர்) பக்கம், அதற்கப்புறம் பள்ளியின் செயலி. மூன்றும் ஒத்துப்போனால் சரி. மாநகராட்சிப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1916. இதை இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.

2. முந்தின நாள் மாலையே எச்சரிக்கையைப் படியுங்கள்

இந்திய வானிலைத் துறையின் நிறங்கள் நம் ஊரில் பார்த்தவைதான்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. சிவப்பு என்றால் கட்டாயம் லீவு என்று அர்த்தமில்லை. ஆரஞ்சு என்றால் பள்ளி நிச்சயம் உண்டு என்றும் அர்த்தமில்லை, ராத்திரியோடு ராத்திரியாக நிறத்தை மாற்றுவார்கள்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்காமல் விடுவது கடல் ஏற்றத்தை, அதாவது ஹை டைடை. கடல் ஏற்றம் 4.5 மீட்டருக்கு மேல் போகும் நாள்களின் பட்டியலை மாநகராட்சி ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்துக்கு முன்பே வெளியிடுகிறது, நேரத்தோடு. அந்த நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் நகரத்துத் தண்ணீர் கடலுக்குள் இறங்க வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். ஹிந்துமாதா, சயான், கிங்ஸ் சர்க்கிள், அந்தேரி சப்வே எல்லாம் முதலில் மூழ்கும் இடங்கள். பட்டியலை அச்சடித்துச் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நான் பின்பற்றுவது இதுதான்: சிவப்பு எச்சரிக்கை என்றாலும் சரி, ஆரஞ்சோடு பெரிய கடல் ஏற்றம் சேர்ந்தாலும் சரி, முந்தின இரவு ஒன்பது மணிக்குள் மாற்று ஆளிடம் பேசிவிடுவேன். லீவு வராமல் போனால் நஷ்டம் ஒரு போன் அழைப்பு மட்டும்தான்.

3. ஆள் பிடிப்பது: மே மாதத்து வேலை

இதுதான் எல்லாவற்றிலும் கனமான பகுதி. ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் உங்கள் வீட்டுக்கு வர ரயிலோ பஸ்ஸோ ஏற வேண்டுமா? வேண்டும் என்றால் மழை நாளுக்கு அவர் உதவ மாட்டார். பிள்ளைக்கு லீவு விடும் அளவுக்கு மழை பெய்யும் நாளில்தான் சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறும், செம்பூர் வழியாகப் போகும் ஹார்பர் லைன் ரயிலும் நிற்கும். மான்கூர்டிலிருந்து வரும் ஆயாவால் அன்று வர முடியாது. அவர் மேல் தப்பே இல்லை. அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும், அவர் பிள்ளைக்கும் லீவுதான்.

ஆகவே முதல் இடம் உங்கள் கட்டடத்துக்கு. சொசைட்டியில் (குடியிருப்பு வளாகத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), முடிந்தால் அதே விங்கில், அதாவது அதே பிளாக்கில், வேலைக்குப் போகும் பெற்றோர் மூன்று நான்கு குடும்பத்தைத் தேடுங்கள். முறை போட்டுக்கொள்ளுங்கள்: முதல் மழை லீவுக்கு ஒரு வீட்டில் ஒருவர் விடுப்பு எடுத்து எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பது, அடுத்த லீவுக்கு அடுத்த வீடு. நான்கு குடும்பம் இருந்தால் நான்கு லீவுக்கு ஒன்றுதான் உங்கள் தலையில் விழும். எங்கள் விங்கில் ஒரு மராத்திக் குடும்பம், ஒரு குஜராத்திக் குடும்பம், நாங்கள், பாலக்காட்டுக்காரர் ஒருவர். சாப்பாடு மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். யார் வீட்டில் முட்டை ஆகாது, யாருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கொடுங்கள். தாராவியில் நெருக்கமான சந்துகளில் வாழும் நம் மக்கள் இதைத் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். ஃப்ளாட்டில் குடியேறினால்தான் இதைத் தனியாக ஏற்பாடு செய்யவேண்டியிருக்கிறது.

இரண்டாவது, பாளணாகர். வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள் ஏறக்குறைய எல்லா சொசைட்டியிலும் இருப்பார்கள். பலகை எதுவும் இருக்காது, வாட்ச்மேனிடம் கேட்டால் சொல்வார். நான் விசாரித்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு நாளுக்கு மட்டும் விடுவதற்கு 400 முதல் 600 ரூபாய் வரை சொன்னார்கள், சாப்பாடு நம்முடையது. பெரிய டே-கேர்களில் ஒரு நாளுக்கு மட்டும் என்றால் இதைப்போல் இரு மடங்கு, அதோடு பதிவுக்கட்டணம் தனி. பதிவு முன்கூட்டியே செய்திருந்தால்தான் அன்று காலை பிள்ளையை உள்ளே விடுவார்கள். ஒரு முறை விட்டுப் பழக்கவும் வேண்டும். தெரியாத இடத்தில் மழை நாளில் முதல் தடவையாக விட்டால் பிள்ளை அழுதே ஓய்ந்துபோகும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி: “பள்ளிக்கு லீவு விட்டால் நீங்கள் திறந்திருப்பீர்களா?” பாலர் பள்ளியோடு சேர்ந்து நடக்கும் டே-கேர்கள் பள்ளி லீவு என்றால் தாங்களும் மூடிவிடும். எங்களுக்கே அப்படி நடந்தது. மழை நாளுக்கென்றே பதிவு செய்த இடம் அந்த மழை நாளில்தான் பூட்டியிருந்தது, கட்டிய பணமும் திரும்பவில்லை. வாய்வார்த்தை போதாது, விதிமுறைத் தாளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தரைத்தளமா, மின்சாரம் போனால் என்ன செய்வார்கள், மாலை லோக்கல் நின்று நீங்கள் எட்டு மணிக்குத்தான் வர முடிந்தால் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, ஊரிலிருந்து பாட்டியை வரவழைப்பது. முடிந்தவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுவிலேயே உட்கார்ந்து போடவேண்டும். நாகர்கோவில், சென்னை வண்டிகள் மே மாதக் கூட்டத்தில் சட்டென்று நிரம்பிவிடும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020இலிருந்து கிடையாது, முழுக் கட்டணம்தான். இன்னொன்றையும் யோசியுங்கள். லிஃப்ட் நின்றுபோனால் பாட்டியால் படியேற முடியுமா? சுட்டிப் பிள்ளையை நாள் முழுக்க அடைத்து வைத்திருக்கப் பாட்டியால் முடியுமா? உதவிக்குப் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து, ஒரு தடவை அழைத்துப்போய் அறிமுகமும் செய்துவையுங்கள். பாட்டிக்கு இந்தியோ மராத்தியோ தெரியாவிட்டால் இது இன்னும் முக்கியம்.

4. தாள்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் மூன்று செட் போடுங்கள். ஒன்று பள்ளிக்கு, ஒன்று டே-கேருக்கு, ஒன்று வீட்டில். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல், தடுப்பூசி அட்டை நகல், பெற்றோர் இருவர் புகைப்படம், ஆதார் நகல், டாக்டர் பெயரும் எண்ணும், ஒவ்வாத மருந்து அல்லது உணவு.

இதைவிட முக்கியமானது அனுமதிக் கடிதம். “நானோ என் கணவரோ வர இயலாதபோது கீழ்க்கண்டவரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம்” என்று எழுதி, இரண்டு பேருடைய பெயர், புகைப்படம், அடையாள அட்டை நகல், போன் எண் சேர்த்து, பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட்டுப் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். இது இல்லாவிட்டால் வகுப்பாசிரியருக்கே அந்த அத்தையைத் தெரிந்திருந்தாலும் வாசலில் பிள்ளையை விட மாட்டார்கள். விடக் கூடாதுதான்.

பள்ளி பாதியில் விட்டால் வழக்கம்போல பஸ்ஸில் அனுப்பலாமா, பெற்றோர் வரும்வரை பள்ளியிலேயே வைத்திருக்கவா என்று சில பள்ளிகளின் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். அவசரத்தில் பஸ் என்று டிக் செய்யாதீர்கள். இரண்டாவதை எழுதுங்கள். காரணத்தை ஆறாவது பகுதியில் சொல்கிறேன்.

வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் போலீஸ் சரிபார்ப்பை மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

5. ஆபீஸில் முன்கூட்டியே பேசுவது

மழை நாள் காலையில் மேலதிகாரிக்கு வரும் “இன்று வர இயலவில்லை” செய்திகளில் உங்களுடையதும் ஒன்றாகக் கலந்துபோகும். ஜூன் முதல் வாரத்திலேயே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: பள்ளிக்கு அரசு அறிவிப்பால் லீவு விட்டால், அன்று வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், காலை ஏழு மணிக்குள் தகவல் சொல்லிவிடுவேன், என் பொறுப்பில் இருக்கும் இன்ன வேலையை இன்னார் பார்ப்பார். ஒப்புதல் எழுத்தில் வரட்டும். 2025 ஆகஸ்ட் 19 அன்று தனியார் நிறுவனங்களும் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய விடும்படி பிஎம்சி கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள்தான், ஆணை இல்லை. அதை நம்பி இருக்க முடியாது.

விடுப்புக் கணக்கு: மகாராஷ்டிரக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2017இன் கீழ் வரும் இடங்களில் வருடத்துக்கு 8 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. காலாண்டுக்கு ஒரு தடவை வரவாகும், வருடக் கடைசியில் காலாவதியாகும். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் முதல் ஆறு மாதத்திலேயே தீர்த்துவிட்டால் ஜூலையில் கையில் அதிகம் மிஞ்சாது. கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து மழைக்கென்று ஆளுக்கு இரண்டு மூன்று நாளை ஒதுக்கிவையுங்கள். எப்போதும் அம்மாவே விடுப்பு எடுப்பது என்று ஆகிவிடக் கூடாது. முறை போட்டு, காலண்டரில் குறித்துவையுங்கள்.

மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள் இருக்கிறது என்று தைரியமாக இருக்காதீர்கள். அதை ஒரு தடவைக்கு 5 நாளுக்குக் குறையாமல்தான் எடுக்க முடியும். ஒரு நாள் மழை லீவுக்கு உதவாது. அதற்குத் தற்செயல் விடுப்புதான்.

50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்களிடம் இருக்கிறதா, எத்தனை வயதுவரை சேர்ப்பார்கள் என்று எச்ஆரில் கேளுங்கள்.

மருத்துவமனை, வங்கிக் கவுண்டர், கடை, டிரைவர் வேலையில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே கிடையாது. உங்களுக்கு மூன்றாவது பகுதிதான் உயிர். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஒரு சக ஊழியரோடு முன்பே பேசிவையுங்கள்.

6. பாதி நாளில் பள்ளி விட்டால்

முழுநாள் லீவைவிட எனக்குப் பயம் இதில்தான். முழுநாள் லீவில் பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்கிறது. பாதி நாளில் விட்டால் நீங்கள் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், நடுவில் தண்ணீர். 2025 ஆகஸ்ட் 18 அன்று மாட்டுங்காவில் ஒரு ஸ்கூல் பஸ் தண்ணீரில் நின்றுவிட்டது. உள்ளே இருந்த பிள்ளைகளைப் போலீசார் இடுப்பளவு தண்ணீரில் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள்.

பள்ளிக் கட்டடம் உறுதியான இடம், மேல்மாடி இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் வடியும்வரை பிள்ளை அங்கேயே இருப்பது பஸ்ஸில் ஏறுவதைவிட நல்லது. அதனால்தான் படிவத்தில் அப்படி எழுதச் சொன்னேன். செய்தி வந்ததும் இப்படிச் செய்யுங்கள்: முதலில் பள்ளிக்குப் போன் செய்து, பிள்ளை இன்னும் உள்ளே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பஸ் கிளம்பிவிட்டது என்றால் பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வரும் மௌஷியின் (உதவியாளர் அம்மாவின்) எண்ணுக்கு அழையுங்கள் (டிரைவர் எண்ணுக்கு வேண்டாம், அவர் ரோட்டைப் பார்க்கட்டும்). பிறகு, பள்ளிக்கு மிக அருகில் இருக்கும் அனுமதி பெற்றவரை அனுப்புங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவராவது பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். உடன் படிக்கும் பிள்ளையின் அம்மா இதற்குச் சரியான ஆள்.

பிள்ளையின் பையில் ஜூன் முதல் நாளிலிருந்தே ஜிப் போட்ட உறையில் ஒரு செட் உடை, பிஸ்கட் பாக்கெட், இரண்டு போன் எண் எழுதிய அட்டை இருக்கட்டும். எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள், ஜெல் பேனா மை நனைந்தால் கரைந்துவிடும்.

7. லீவு நாள் காலை

ஐந்தரைக்கு எழுந்து அறிவிப்பைப் பாருங்கள். லீவு உறுதியானால் முறை வீட்டுக்கோ பாளணாகருக்கோ உடனே செய்தி. அடுத்து ஆபீஸ். பிறகு நீங்கள் போகத்தான் வேண்டுமா என்று லோக்கல் நிலவரத்தைப் பாருங்கள். போவதைவிடத் திரும்புவதுதான் சிரமம். மதியம் பெரிய கடல் ஏற்றம் இருக்கும் நாளில் இருவரும் ஆபீஸ் போகாதீர்கள், ஒருவர் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

வீட்டிலிருந்து வேலை என்றால் போன், லேப்டாப், பவர் பேங்க் எல்லாவற்றையும் முந்தின இரவே சார்ஜ் செய்திருக்க வேண்டும். தரைத்தள மீட்டர் அறையில் தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள், வைஃபையும் அதோடு போகும். ஒரு பெரிய பாத்திரத்தில் குடிநீர் பிடித்துவையுங்கள், மோட்டார் ஓடாது.

8. பெரிய பிள்ளை தனியாக இருப்பதென்றால்

பத்து வயதுக்குக் கீழே என்றால் தனியாக விடாதீர்கள். இது என் கருத்து, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளையை இரண்டு மூன்று மணி நேரம் விடலாம், ஒரு பெரியவர் அதே மாடியில் இருக்கிறார் என்றால். மும்பை ஃப்ளாட்களில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். பிள்ளை குப்பை வைக்க வெளியே வந்தால் கதவு சாத்திக்கொண்டு வெளியே நிற்கும். ஒரு சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். குழாய் எரிவாயுவின் மெயின் வால்வை மூடிவிட்டுப் போங்கள். ஜன்னல் கிரில்லில் ஏறி மழை பார்க்கக் கூடாது, ஸ்விட்ச் போர்டை ஈரக்கையால் தொடக் கூடாது, பெல் அடித்தால் பாதுகாப்புக் கதவைத் திறக்கக் கூடாது. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, கீழே உங்கள் எண், பக்கத்து வீட்டு எண், 112, 1916 சேர்த்து ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

9. யாராவது தண்ணீரில் நடந்து வந்திருந்தால்

பிள்ளையோ நீங்களோ தெருத் தண்ணீரில் இறங்கி வந்திருந்தால், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கால் கழுவி, வெட்டுக்காயம், சிராய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்துக்காக 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்கச் சொல்லி மாநகராட்சி ஒவ்வொரு மழைக்கும் அறிவிக்கிறது. மாநகராட்சி மருந்தகங்களிலேயே பார்த்துக்கொள்ளலாம். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்து வேறு, கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அடுத்த சில நாள்களில் காய்ச்சல் வந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

லீவு விட்ட நாளுக்கு ஈடாகப் பள்ளி ஏதாவது ஒரு சனிக்கிழமையில் வகுப்பு வைக்கலாம். அந்தச் சுற்றறிக்கை வந்ததும் பஸ் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்குப் பஸ் இல்லை என்று சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன.